ஒரே பஸ், வேறு சம்பளம்

2012 நவம்பர் 26 அன்று சிங்கப்பூரில் எஸ்எம்ஆர்டி நிறுவனத்தின் 171 பஸ் ஓட்டுநர்கள் வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் சீனாவிலிருந்து வந்தவர்கள். மறுநாள் 88 பேர். 1986க்குப் பிறகு இங்கே நடந்த முதல் வேலைநிறுத்தம் அது. அவர்களுடைய அடிப்படைச் சம்பளம் சுமார் 1,075 வெள்ளி. அதே பஸ்ஸை ஓட்டிய மலேசியருக்குச் சுமார் 1,400. போதாததற்கு விடுதியில் மூட்டைப்பூச்சி வேறு.

நிறுவனம் சொன்ன காரணம்: அவர்களுக்கு இரண்டு வருட ஒப்பந்தம், தங்குமிடமும் போக்குவரத்தும் நாங்களே தருகிறோம். இது வெறும் கணக்கு, உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம். (அறைகளை இன்னும் நன்றாக வைத்திருக்கலாம் என்று பிறகு நிர்வாகமே ஒத்துக்கொண்டது.) என்னை உறுத்துவது காப்பிக்கடையில் கேட்கிற இன்னொரு வாதம்: "அவங்க ஊர்ல அது பெரிய காசுப்பா."

இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லும்போது அளவுகோலையே சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறோம். செய்த வேலைக்குத்தான் சம்பளம் என்பது போய், ஒருவர் வாழ எவ்வளவு போதும் என்பது வந்துவிடுகிறது. சரி, தேவைதான் அளவுகோல் என்றே வைத்துக்கொள்வோம். நான் பொறியாளர், பெற்றோர் வீட்டில் வாடகை இல்லாமல் இருக்கிறேன். எந்த எச்.ஆரும் அதை விசாரித்து என் சம்பளத்தில் கைவைத்ததில்லை. ஐந்து பேருக்குச் சோறு போடுகிற டிரைவருக்கு அதற்காகக் கூட்டிக் கொடுத்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. குறைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் தேவை ஞாபகத்துக்கு வருகிறது.

"கையெழுத்துப் போட்டுத்தானே வந்தான்?" என்பார்கள். போட்டார்தான். ஆனால் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டவருக்கு 'பிடிக்கலன்னா வேற கம்பெனிக்குப் போ' என்பது கிட்டத்தட்ட 'நாட்டை விட்டுப் போ' என்பதுதான். என்னைப்போல ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டு அடுத்த இண்டர்வியூவுக்குப் போக அவரால் முடியாது.

பஸ் சேவை அத்தியாவசியச் சேவை என்பதால் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். அவர்கள் கொடுக்கவில்லை. ஐந்து பேருக்கு ஆறு, ஏழு வாரச் சிறை. 29 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சட்டப்படி அது குற்றம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திடீரென்று நின்றால் நகரம் தாங்காது என்று சட்டமே மதிப்புப் போட்ட வேலை அது. சம்பளம் போடும்போது மட்டும் ஏன் வேலையின் மதிப்பை விட்டுவிட்டு ஓட்டுகிறவரின் ஊரைப் பார்த்தார்கள்? நீதிமன்றத்தில் விசாரித்தது இந்தக் கேள்வியை அல்ல. யார் ஓட்டினாலும் ஒரே கட்டணம் கொடுத்து ஏறுகிற நாம் கேட்டிருக்கலாம்.