ஏன் ஜெர்மனி?

இதுவரை 31 பேருக்காக நான் ஜெர்மனியை விரும்பியிருக்கிறேன். ஆளுக்கு 2000 ரூபாய். தெரிந்த பையன் என்றால் ஒரு பிரியாணி.

மோட்டிவேஷன் லெட்டர் என்று பெயர். பல்கலைக்கழகங்கள் பலவும் கேட்கும், விசாவுக்கும் வைக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், ஏன் ஜெர்மனி என்று ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்த நாலு வருஷமும் இதுதான் என் பக்க வருமானம். இங்கிலீஷ் சுமாராக எழுத வரும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. போன வருஷம், நாமும் போய்ப் படித்தால் என்ன என்று தோன்றியது. லேப்டாப்பைத் திறந்து எனக்கான லெட்டரை எழுத உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்தும் ஒரு வரிகூட வரவில்லை.

அந்த மூன்று ராத்திரியில் என்னைக் குடைந்த கேள்வி இதுதான்: இன்னொருவர் போவதற்கான காரணத்தை நான் எழுதிக் கொடுப்பது பொய்யா? பொய் என்றால், யாரிடம் சொன்ன பொய்?

ஜெர்மனிக்குத் தயாராவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏபிஎஸ். நம் மார்க் ஷீட்டும் டிகிரியும் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள ஓர் அலுவலகம் சரிபார்த்துச் சான்றிதழ் தரும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். அடுத்து பிளாக்ட் அக்கவுண்ட். ஒரு வருஷம் அங்கே சாப்பிட்டுத் தங்குவதற்கான பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாகத்தான் அதிலிருந்து எடுக்க முடியும். பிறகு மொழித் தேர்வு, இன்ஷூரன்ஸ், விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கான காத்திருப்பு.

இவை எல்லாவற்றையும் வேறு யாரோ சான்று சொல்லிவிடுவார்கள். மார்க்கைக் காலேஜ் சொல்லும், பணத்தை பேங்க் சொல்லும், மொழியைத் தேர்வு சொல்லும். நீயே சொல்ல வேண்டியது அந்த ஒரு லெட்டர் மட்டும்தான். அதைத்தான் நாம் வெளியே கொடுத்து எழுதி வாங்குகிறோம்.

நான் எழுதியவற்றுக்கு ஒரு அச்சு உண்டு. முதல் பத்தியில் சின்ன வயசு. தோட்டத்து மோட்டார் ரிப்பேர் ஆனபோது அப்பா அதைப் பிரித்துப் போட்டதைப் பார்த்து இயந்திரங்கள்மேல் ஆர்வம் வந்ததாக இருக்கும். இந்த அப்பாவை நான் ஒன்பது பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு பேருடைய அப்பா பேங்க்கில் வேலை பார்ப்பவர். இரண்டாவது பத்தியில் காலேஜ் புராஜெக்ட். மூன்றாவதில் ஜெர்மனியின் பொறியியல் மரபு. கடைசியில், படித்து முடித்துத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் பணியாற்றுவேன் என்று ஒரு வரி.

உண்மையான காரணத்தை எங்கேயும் எழுதியதில்லை. பீஸ் இல்லை என்பதுதான் காரணம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. வேறு சில இடங்களிலும் விலக்கு உண்டு. மற்றபடி செமஸ்டருக்கு ஒரு சிறு தொகையோடு முடிந்துவிடும். அமெரிக்கா போக அரைக் கோடி கடன் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு உலகத்தில் திறந்திருக்கும் சில கதவுகளில் இது ஒன்று. இதைவிட நேர்மையான காரணம் என்ன வேண்டும்? ஆனால் ‘பீஸ் இல்லைங்க, அதான் வர்றேன்’ என்று எழுத யாருக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை.

முதல் ராத்திரி எனக்கு நானே வக்கீலானேன். நாம் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதக் கற்ற கடிதமே லீவ் லெட்டர்தானே? ‘எனக்குக் காய்ச்சல் காரணமாக’ என்று தொடங்கி ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று முடியும். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் காய்ச்சல், மாமா கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல். டீச்சருக்கும் தெரியும். அதில் யாரும் ஏமாறவில்லை. ஏமாறாதபோது பொய் எங்கே வந்தது?

வேடிக்கை என்னவென்றால், பொய்யே கூடாது என்று அடித்துச் சொன்ன இம்மானுவேல் காண்ட்டுக்கே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 1797இல் வந்த தன் அறவியல் நூலில், கடிதத்தின் முடிவில் ‘தங்கள் பணிவான ஊழியன்’ என்று மரியாதைக்குப் போடுவதைப் பொய்யாகக் கொள்ள வேண்டுமா என்று கேட்டு, அதனால் யாரும் ஏமாறுவதில்லையே என்கிறார். அதே வருஷம்தான் இன்னொரு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் ‘அவன் உள்ளே இருக்கிறானா?’ என்று கேட்டால்கூடப் பொய் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்று எழுதினார். கொலைகாரனிடம்கூடப் பொய் கூடாது என்ற மனிதரே கடிதத்தின் கடைசி வரிக்குக் கொஞ்சம் இடம் விடுகிறார். அந்த இடத்தில் என் 31 லெட்டரையும் வைத்துவிடலாம் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

இரண்டாவது ராத்திரி அது செல்லவில்லை. ஒரு போன் கால் ஞாபகம் வந்துவிட்டது.

நாமக்கல் பக்கத்துப் பையன், காலேஜில் எனக்கு ஜூனியர். நீர்வளப் பொறியியலுக்கு அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஊர் ஆற்றில் மணல் அள்ளி அள்ளிக் கிணறுகள் வற்றிப்போனதைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கு வர முடிவெடுத்ததாக முதல் பத்தி. நன்றாக வந்திருந்தது, எனக்கே பெருமை. இடம் கிடைத்தது, போனான். அம்மாவின் நகைகள் பேங்க்குக்குப் போயின. இரண்டாவது செமஸ்டரில் ஒரு நாள் ராத்திரி கூப்பிட்டான். ஒரு பாடத்தில் இரண்டு தடவை பெயிலாகியிருந்தான். அங்கே ஒரு பேராசிரியர் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். திட்டவில்லை. அவனுடைய விண்ணப்பத்தை முன்பு படித்தவராம். ‘உன் ஊர் ஆற்றைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த அக்கறை என்ன ஆயிற்று?’ என்று கேட்டிருக்கிறார்.

“அண்ணா, அந்த லெட்டர்ல நான் என்னங்ண்ணா எழுதியிருந்தேன்? கொஞ்சம் அனுப்பிவிடுங்களேன். நாளன்னைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காரு.”

அனுப்பினேன். பிறகு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. லீவ் லெட்டர் வாதம் அங்கே உடைந்தது. டீச்சர் ஏமாறவில்லை, சரி. இந்தப் பேராசிரியர் நம்பியிருக்கிறார். ஒருவர் நம்பிவிட்டால் அது சடங்கு இல்லை.

காண்ட்டின் இன்னோர் உதாரணமும் இங்கே வந்து நிற்கிறது. 1785இல் எழுதியது. பணமுடையில் இருக்கும் ஒருவன் கடன் கேட்கிறான். திருப்பித் தர முடியாது என்று அவனுக்கே தெரியும். தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் பணம் கிடைக்கும். கொடுக்கலாமா? எல்லோரும் இப்படிச் செய்தால் வாக்குறுதி என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும், யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள் என்கிறார் காண்ட். ஒன்பது பேருக்கு ஒரே அப்பாவைக் கொடுத்தவனுக்கு இது நன்றாகவே புரிகிறது. பத்தாவதாக ஒரு பையன் வருவான். அவன் அப்பா உண்மையிலேயே மோட்டாரைப் பிரித்தவராக இருப்பார். அவனை யார் நம்புவார்கள்?

ஆனால் காண்ட்டோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அவர் பிறந்தது, வாழ்ந்தது, இறந்தது எல்லாம் கோனிக்ஸ்பெர்க்கில். இன்று அது ரஷ்யாவில் இருக்கும் கலினின்கிராட். அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகாமலே 40 வருஷம் மாணவர்களுக்குப் புவியியல் நடத்தியவர். எந்தத் தூதரகத்திடமும் அவர் ‘ஏன்’ சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1795இல் நிலையான அமைதி பற்றி எழுதும்போது, பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப்போக முடியாது, ஒருவரையொருவர் சகித்துத்தான் ஆக வேண்டும் என்கிறார். அதனால் வேற்று மண்ணில் கால் வைப்பவனைப் பகைவனாக நடத்தக் கூடாது. ஆனால் அது வந்து பார்க்கும் உரிமைதான், விருந்தாளியாகத் தங்கும் உரிமை இல்லை என்று கோடும் போடுகிறார்.

பிரான்ஸிலிருந்து பெர்லினுக்குப் படிக்கப் போகும் பையனுக்கு விசா வேண்டாம். அவன் எந்தத் தூதரகத்துக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல் பையன் சொல்ல வேண்டும். அதுவும் கேட்பவருக்குப் பிடித்த மாதிரி சொல்ல வேண்டும். அந்த நாடும் சும்மா கூப்பிடவில்லை. அவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். படித்து முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம் கொடுப்பது அதற்குத்தான். ஆக இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் காதல் கடிதம் எழுதச் சொன்னால் பொய் வராமல் என்ன வரும்? எளியவன் வலியவனிடம் சொல்லும் பொய்யை அளக்க அதே தராசு போதுமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். தூதரகத்திடம் சொன்ன பொய்க்காக நான் ஒரு ராத்திரிகூட விழித்திருக்க மாட்டேன்.

நான் விழித்திருந்தது அந்தப் பையனுக்காக. ‘நான் என்ன எழுதியிருந்தேன்?’ என்றானே, அதற்காக. பெயிலாகி, குளிரில், பகல் நாலரை மணிக்கே இருட்டும் ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் பிடித்துக்கொள்ளத் தனக்கென்று ஒரு காரணம் வேண்டும். அது பெரிய காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவனுடையதாக இருந்தால் போதும். அவன் பிடிக்கப் போன இடத்தில் என்னுடைய வாக்கியம் இருந்தது. யோசித்துப் பார்த்தால், நம்மைப் பார்த்து ‘நீ ஏன் போகிறாய்?’ என்று வேறு யார் கேட்கிறார்கள்? வீட்டில் எவ்வளவு ஆகும் என்பார்கள். சொந்தக்காரர்கள் எவ்வளவு சம்பளம் என்பார்கள். ஏன் என்று கேட்ட ஒரே காகிதத்தை நான் 2000 ரூபாய்க்கு அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

மூன்றாவது ராத்திரி, நான் படித்த ஜெர்மன் வகுப்பு ஞாபகம் வந்தது.

ஏ2 நிலையில் ‘வைல்’ என்றொரு சொல் வரும். ‘ஏனென்றால்’ என்று பொருள். ஜெர்மனில் சாதாரணமாக வினைச்சொல் வாக்கியத்தில் இரண்டாவதாக வரும். ‘இஷ் லெர்னெ டாய்ச்’ என்றால் நான், கற்கிறேன், ஜெர்மன். ஆனால் ‘வைல்’ போட்டவுடன் வினை கடைசிக்கு ஓடிவிடும். ‘வைல் இஷ் டாய்ச் லெர்னெ.’ ஏனென்றால் நான் ஜெர்மன் கற்கிறேன். அப்படியே தமிழ் வரிசை! காரணம் சொல்லும்போது அந்த மொழி நம் மொழி மாதிரி ஆகிவிடுகிறது. வகுப்பில் எல்லோரும் தப்பு விடும் இடத்தில் நமக்கு அது சுலபம்.

அன்று டீச்சர் ஒவ்வொருவராக ‘ஏன் ஜெர்மன் படிக்கிறீர்கள்?’ என்று கேட்டார். ஜெர்மன் கலாச்சாரம் பிடிக்கும், கார் பிடிக்கும், கால்பந்து பிடிக்கும் என்று வரிசையாகச் சொன்னோம். பின்வரிசையில் நாற்பது வயதை நெருங்கும் ஒரு அக்கா. நர்ஸ், அங்கே வேலைக்குப் போவதற்காகப் படித்தவர். எழுந்து மெதுவாகச் சொன்னார்: “வைல் விர் ஷுல்டன் ஹாபன்.” ஏனென்றால் எங்களுக்குக் கடன் இருக்கிறது. வகுப்பில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. இலக்கணம் சரியாக இருந்தது என்று டீச்சர் சொன்னார்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். ‘ஷுல்டன்’ என்றால் கடன்கள். அதன் ஒருமை வடிவம் ‘ஷுல்ட்’. அதற்குக் குற்றம், பழி என்ற பொருளும் உண்டு. 1887இல் நீட்சே இதைப் பிடித்துக்கொண்டு, குற்றவுணர்வு என்ற கருத்தே கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறந்ததுதான் என்று வாதாடினார். தமிழில் ‘கடன்’ வேறு பக்கம் சாய்கிறது. நமக்குக் கடன் என்றால் திருப்பித் தர வேண்டியதும்தான், செய்ய வேண்டிய கடமையும்தான். அந்த அக்கா ஜெர்மனில் சொன்னதை நான் தமிழில்தான் கேட்டேன். எங்களுக்குக் கடன் இருக்கிறது. அவர் குரலில் வெட்கம் இல்லை. அவர் ஏன் போகிறார் என்று அவருக்குத் தெரியும். எந்த ஊரில் எந்தக் குளிரில் நைட் டியூட்டி பார்த்தாலும் அவர் அதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

விடியும்போது எழுத ஆரம்பித்தேன். என் லெட்டரில், உங்கள் நாட்டில் கட்டணம் இல்லை, எனக்கு வசதி இல்லை, அதனால்தான் முதலில் உங்கள் பெயரைத் தேடினேன் என்று ஒரு வரி இருக்கிறது. பம்ப் கம்பெனியில் நாலு வருஷம் ஒரே வால்வைச் சோதித்துச் சலித்துப்போனதும், அது ஏன் ஒழுகுகிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தராததும் இருக்கிறது. திரும்பி வருவேனா என்று இப்போது தெரியாது என்றும் எழுதியிருந்தேன். அந்த வரியை நண்பன் ஒருவன் அடிக்கச் சொன்னான். அடித்துவிட்டேன். அந்த அளவு தைரியம்தான் எனக்கு. ஆனால் பதிலுக்குத் திரும்பி வருவேன் என்று எழுதவில்லை.

இரண்டு இடத்தில் நிராகரித்தார்கள். ஒன்றில் கிடைத்திருக்கிறது. லெட்டர்தான் காரணமா என்று தெரியாது.

இப்போதும் பையன்கள் வருகிறார்கள். எழுதித் தருவதில்லை. எதிரே உட்காரவைத்து ‘ஏன்?’ என்று கேட்கிறேன், இங்கிலீஷை மட்டும் திருத்துகிறேன். பாதிப் பேர் மறுநாள் வருவதில்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த நாமக்கல் பையன் என் லெட்டரை மனப்பாடம் செய்துகொண்டு பேராசிரியரிடம் போயிருக்கிறான். பாதி சொல்லிவிட்டு நிறுத்தி, ‘இது நான் எழுதினது இல்லை. பீஸ் இல்லை, சித்தப்பா பையன் இங்கே இருக்கான், அதான் வந்தேன்’ என்று சொல்லிவிட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு கேட்டிருக்கிறார்: ‘சரி, அது நீ வந்ததற்குக் காரணம். இப்போது இருப்பதற்கு என்ன காரணம்?’

“நீங்க என்னங்ண்ணா சொல்லியிருப்பீங்க?” என்று என்னிடம் கேட்டான்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன்ணா.”