எந்தச் சுவரை இடிப்பது?

பழைய கோவிலைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தாலே நம் பங்குகளில் இரு குரல்கள் எழும். முன்னோர் கட்டியதைத் தொடலாகாது என்பது ஒன்று. முற்றும் இடித்துப் பெரிதாய்க் கட்டுவோம் என்பது மற்றொன்று. இரண்டும் கட்டடத்தைப் பார்க்கின்றனவேயன்றி, அதனுள் கூடும் மக்களைப் பார்ப்பதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, இறைமக்களின் முனைப்பான பங்கேற்புக்குக் கோவில் ஏற்றதாக இருக்க வேண்டுமென்றது. அதன்பின் சுவரையொட்டி நின்ற பீடங்கள் மக்களை நோக்கி முன்வந்தன. ஆனால் மக்களே பிரிந்து நின்றால்?

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோவில், சாதிக்கொரு பக்கமாக இரு கைகளாய்ப் பிரித்துக் கட்டப்பட்டது. 1910-இல் கௌசானல் அடிகளார் நடுத்தடுப்பை அகற்றினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தனியிடம் கேட்டோரின் உரிமைக் கோரிக்கை நிலைக்கவில்லை. நம் திருச்சபை கண்ட மிகச் சிறந்த புதுப்பிப்பு அதுவே என்போம். அதற்குப் புதுச் செங்கல் ஒன்றும் தேவைப்படவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபின் பட்டுக்கோட்டைப் பகுதியில் பழுதுபார்ப்பு வேலைகளை நிறையவே கண்டோம். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும் என்பார் அனுபவமுள்ள கொத்தனார். சமூகத்துக்கும் அது பொருந்தும். தரைக்குப் பளிங்கு போட்டுவிட்டு, திருவிழாத் தேரும் கல்லறையும் தெருவுக்குத் தெரு வேறாயிருக்க விட்டால், நாம் பூசியது வெறும் சிமெண்டே.

ஆகவே மதிப்பீடு போடுமுன் கேட்போம்: முன்னோரின் செபம் ஊறிய எது நிலைக்க வேண்டும்? படியேற முடியாத முதியவரையும், வாசலோடு நின்றுவிடும் ஏழையையும் தடுக்கும் எது விழ வேண்டும்?