பாசி தின்னும் மீனும் கொல்லாமையும்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் படியும் பாசியைத் தின்று தீர்ப்பதற்கென்றே ஓர் உயிரை விலைக்கு வாங்குபவர், அதன் ஆயுள் முழுமைக்கும் பொறுப்பேற்கிறாரா, அது தரும் பயன் தீரும்வரை மட்டும்தானா என்பது சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், கொல்லாமை அறத்தின் அடிப்படையைத் தொடுவதாகும்.

அலங்கார மீன் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளக் குஞ்சாக விற்கப்படுவது பெரும்பாலும் தென் அமெரிக்க ஆறுகளுக்குரிய உறிஞ்சுவாய்க் கெளுத்தியே. உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்து, அடிப்பக்கம் அமைந்த வாயால் கண்ணாடியைப் பற்றிச் சுரண்டும் இம்மீன் ஓர் அடிக்கு மேலும் வளரக்கூடியது. பாசி போதாதபோது அகன்ற இலைச் செடிகளைச் சுரண்டி ஓட்டையாக்கும். உடலைத் திருப்பும்போதே வேரைப் பெயர்த்துவிடும். இதைக் கேடு என்பது வளர்ப்பவரின் கணக்கு. மீனோ தன் உடலமைப்புக்கு மாறாக எதையும் செய்வதில்லை.

தொட்டியில் இடம் போதாதபோது அதனை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவது பலர் கைக்கொள்ளும் வழி. கொல்ல மனம் வராமல் செய்யப்படுவதால் அது சீவகாருண்யம், அதாவது பிற உயிரின் துன்பத்துக்கு இரங்குதல், என்றே கருதப்படுகிறது. அந்த இரக்கம் எங்கெல்லாம் சென்று சேரும் என்பதை ஓமலூர் வட்டாரத்தில் எளிதாகக் காணலாம். சேர்வராயன் மலையில் தோன்றி ஓமலூர் வழியே ஓடும் சரபங்கா ஆறு காவிரியில் கலக்கிறது. மேட்டூர் அணையின் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தின் முதற்கட்டம் 2021இல் தொடக்கி வைக்கப்பட்டபின், ஏரிகளைத் தனித்தனி நீர்நிலைகளாக எண்ணுவதற்கும் இடமில்லை. காற்றை விழுங்கி மூச்சுவிட வல்லதால் ஆக்சிஜன் குன்றிய நீரிலும் பிழைத்து, கரையில் வளை தோண்டி, அதில் இடப்பட்ட முட்டைகளை ஆண்மீனே காத்து நிற்பதால் பெருகும் இக்கெளுத்தி, தமிழகத்தின் நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கெனவே குடிகொண்டுவிட்டது. வளை தோண்டிய கரை சரிகிறது. துடுப்பு முள் சிக்கி வலை கிழிகிறது.

உமாஸ்வாதி இயற்றிய சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், இம்சையை வெறும் உயிர்ப்பறிப்பாகக் கொள்ளாமல், பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், நேரும் உயிர்ப்பறிப்பாக வரையறுக்கிறது. அவ்வாறாயின், விடப்பட்ட மீனின் வழித்தோன்றல்கள் ஏரியின் கெண்டைக்கும் நாட்டுக் கெளுத்திக்கும் இரையும் இடமும் இல்லாமற் செய்யும்போது, தன் கையால் எதையும் கொல்லவில்லை என்பது விட்டவருக்கு விடையாகாது. எவ்வளவு வளரும் என்று கேளாமல் வாங்கிய அன்றே அந்த விழிப்பின்மை தொடங்கிவிட்டது.

எனவே அறம் செயற்பட வேண்டிய இடம் ஏரிக்கரையன்று, கடைதான். பாசி தின்னும் மீன்களுள், இரண்டு அங்குலத்தைத் தாண்டாமல் கூட்டமாக வாழும் ஓட்டோசிங்க்ளஸும், அரையடிக்குள் பெரும்பாலும் நின்றுவிடும் பிரிஸில்நோஸும் செடியுள்ள தொட்டிக்குப் பொருந்துவன. 'சைனீஸ் ஆல்ஜி ஈட்டர்' எனப்படுவதோ வளர்ந்தபின் மற்ற மீன்களின் மேனி வழுவழுப்பை உறிஞ்சத் தலைப்படும். பொருந்தும் மீனாயினும், பாசி தீர்ந்தபின் வெள்ளரித் துண்டேனும் இட்டு அதனைக் காப்பது வாங்கியவர் கடன்.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கெளுத்தியின் நிலைதான் கடினமானது. வலியின்றிக் கொல்வது ஏரியில் விடுவதைவிடக் குறைந்த தீங்கு என்று வாதிடலாம். அவ்வாதத்தில் பிழையும் இல்லை. ஆயினும் கொல்லாமையை நோன்பாகக் கொண்டவருக்கு அவ்வழி இல்லையாதலால், சிமெண்ட் தொட்டி கட்டியேனும் அம்மீனை அதன் ஆயுள்வரை வைத்திருக்க வேண்டும். அது பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம்.