நடந்தவர்களுக்குப் பட்ட கடன்

தமிழர் புதிதாக ஓரிடத்தில் குடியேறினால், அங்கு ஒரு மரத்தடியில் கல்லொன்றை நட்டு, சூலமொன்றை ஊன்றிக் கும்பிடத் தொடங்குவர். மலையகத்து அம்மன் ஆலயங்கள் பல இவ்வாறே தோன்றியவை. அன்று நட்ட கல் இன்று கர்ப்பக்கிருகமாகவும் கோபுரமாகவும் வளர்ந்து நிற்பதைக் கண்டு மகிழும் வேளையில் ஒரு கேள்வியும் எழவேண்டும். ஓர் ஆலயம் எதனால் நிலைபெறுகிறது? கல்லினாலா, அதை நாடி வரும் மனிதராலா?

இக்கேள்விக்கு விடை அலவத்துகொட ஊடாகச் செல்லும் ஏ9 வீதியிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்வீதியால் வடக்கே நடப்பவர் குடையிருந்தும் நனையாமற் போவது அரிது. மாத்தளையை அடைந்ததும் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலுக்குள் மறைந்து கிடக்கும். அம்மலைகளில், ரிவஸ்டனுக்கு அப்பால், பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி உண்டு. பாறையின் மேல் மெல்லிய மண்படை மாத்திரமே இருப்பதால் அங்கு பெருமரங்கள் வேரூன்ற முடியாது. மழையில் அந்தப் புல் மேல் நடந்தால் மிதித்த புல் சற்றுநேரத்தில் நிமிர்ந்துவிடும். யார் நடந்தார், எத்தனை பேர் நடந்தார் என்பதற்குச் சாட்சி எதுவும் இராது.

மலையை விட்டிறங்கி, மாத்தளைக்கு வடக்கே நாலந்தைக்குச் சென்றால் முற்றிலும் வேறொரு காட்சி. அங்கு நீரோரத்தில் முழுவதும் கருங்கல்லாலான சிறியதொரு தேவாலயம் நிற்கிறது. நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். கி.பி. 8 முதல் 10 வரையான நூற்றாண்டுகளுக்குள் எழுந்தது என்பர். அமைப்பு மாமல்லபுரத்துக் கோயில்களை ஒத்தது. ஆயினும் பௌத்த வழிபாட்டுத் தலமாகவே கருதப்படுகிறது. தமிழகத்துச் சிற்ப மரபும் இந்நாட்டுப் பௌத்தமும் ஒரே சுவரில் கலந்திருக்கின்றன. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது இது நீரில் மூழ்கும் நிலை வந்தது. ஆகவே ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, மேட்டில் மீண்டும் அடுக்கிக் காப்பாற்றினர். போற்றத்தக்க பணி அது. இருந்தும், மழை ஒழுகும் அந்தக் கற்களின் நடுவே அன்றாடப் பூசையும் இல்லை, மணியோசையும் இல்லை.

இதே வீதியில் இன்னொரு கூட்டமும் நடந்தது. 1820களின் பின் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே 100 மைலுக்கு மேல் கால்நடையாக மாத்தளை வந்தனர். கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அங்கிருந்து மேலும் தெற்கே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் காத்திருந்தன. நடக்க முடியாதவரை வழியிலேயே விட்டுவிட்டு ஏனையோர் நடந்த கொடுமையும் நிகழ்ந்தது. விழுந்தவர்க்குக் கல்லில்லை, பெயரில்லை, திதியில்லை. பத்தனைப் புல்லைப் போல, அவர்கள் மிதித்த பாதையும் மூடிக்கொண்டது.

ஒருபுறம் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய கல்; மறுபுறம் சுவடும் மிஞ்சாத மனிதர். கல்லைக் காக்கப் பொறியியலாளர் வந்தனர். மனிதரைக் காக்க அன்று ஒருவரும் வரவில்லை. எது பெரிய இழப்பு என்பதை நெஞ்சே சொல்லும்.

சைவ ஆகம மரபு இதற்கொரு விளக்கம் தருகிறது. திருப்பணி தொடங்குமுன் கலாகர்ஷணம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்வர். பாலாலயத்தில் வைத்து வழிபடுவர். தெய்வம் கல்லுக்குள் அடைபட்டதன்று, அன்போடு அழைக்கும் இடத்துக்கு எழுந்தருள்வது என்பதே இதன் கருத்து. அவ்வாறு அழைத்தவர்கள்தாம் அந்த நடைப்பயணிகள். மாரி என்னும் சொல்லுக்கு மழை என்றும் பொருள். மழையில் நனைந்து, நோயில் வாடி வந்தவர்கள் மழைக்கும் நோய்க்கும் அதிபதியான தாயை அழைத்ததில் வியப்பில்லை. 1874இல் எழுந்ததாகக் கூறப்படும் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானம் இன்று ஐந்து தேர் இழுக்கும் பெருந்தலம். அதன் பெருமைக்குள் வழியில் விழுந்தோரின் பங்கும் உண்டு.

அப்படியானால் கோபுரம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். தூரத்தில் வருபவனுக்கு இங்கே இளைப்பாறலாம் என்று சொல்வது கோபுரமே. ஆனால் அதை நம்பி வந்தவனுக்கு வாசலில் ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கவேண்டும். வர்ணப்பூச்சுக்கு இலட்சங்கள் செலவாகி, லயத்துப் பிள்ளையின் கொப்பிக்கும் புத்தகத்துக்கும் காசில்லை என்றால், அந்தக் கோபுரம் பொய் சொல்கிறது. மழைக்கு ஆலயத் திண்ணையில் ஒதுங்குபவனிடம் எந்தச் சமயம், எந்தத் தோட்டம் என்று கேட்பதும் அவ்வாறே. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையிலும் ஒரே பஸ்ஸிலும் பழகும் பிரதேசத்தில் இது எல்லோருக்கும் விளங்கும்.

2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடந்தது. ஜூலை இறுதியில் புறப்பட்டவர்கள் ஓகஸ்ட் 12இல் மாத்தளை சேர்ந்தனர். பெயர் தெரியாத முன்னோருக்குக் காலாலேயே செலுத்திய அஞ்சலி அது.

ஆயினும் கடன் அதனோடு தீர்ந்துவிடவில்லை. வழியில் கஞ்சியின்றி மாண்டோரின் வழித்தோன்றல்கள் இடும் ஒவ்வொரு பிடி அன்னதானமும், திருவிழாவில் வைக்கும் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலும் அக்கடனில் ஒரு பகுதியாகும். பெயர் சொல்லித் திதி கொடுக்க இயலாதவர்களுக்கு, பசித்தவர் முகம் பார்த்துச் சோறு கொடுப்பதே திதி. அது நடக்கும் வரை ஆலயம் ஆலயமாகவே நிற்கும். அது நின்றுபோனால், எவ்வளவு உயர்ந்து நின்றாலும் மழையில் நனையும் கற்குவியலே எஞ்சும்.

நடந்தவர் அனைவரும் அன்னையின் நிழலில் இளைப்பாறுக. நடப்பவர் எவரும் வழியில் பசித்திராதிருக்க அவள் அருள் துணைநிற்பதாக.