பிரசாதமும் பத்தியமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கலியுக வரதனை ஸேவிக்க வந்திருக்கும் பாகவத அன்பர்களே! ஸ்ரீராமநவமியில் தொடங்கும் கல்லங்குறிச்சிப் பெருந்திருவிழாவிற்கு அரியலூர், பெரம்பலூர்ச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகின்றீர்கள். கம்பத் திருமேனியாக எழுந்தருளியிருக்கும் பெருமாளின் திருமுன், விளைந்த தானியத்தின் முதற்பங்கைச் சமர்ப்பிக்கின்றீர்கள். அவன் தந்ததை அவனுக்கே தந்து, அவன் அமுது செய்த மிச்சத்தை உண்பது நம் மரபு. அம்மரபிலே வளர்ந்த நமக்கு இந்நாளில் ஒரு தர்மசங்கடம் நேர்ந்திருக்கிறது. சர்க்கரை நோயுடையவன் பிரசாதத்தைக் குறைத்து உண்டால் அது அபசாரமாகுமோ? நோய் பிராரப்த கர்மத்தின் பயனெனில், பத்தியத்தால் ஆவதென்ன?

இவ்வினாக்கள் அடியேனைச் சுட்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. அடியேன் கைங்கர்யம் செய்யும் சன்னிதிக்கு முதியவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வருவார், வேளாண் குடியினர். தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் பெற்றுக்கொண்டு, "பெருமாள் பிரசாதத்திற்கு ஏது சாமி பத்தியம்?" என்பார். அவருக்கு நோய் உண்டென்று அறிந்தும், அவருடைய பக்தியை மெச்சி மேலும் ஒரு கரண்டி இட்டவன் அடியேன். ஏகாதசியன்று உபவாசமென்று மாத்திரையையும் விட்டுவிடுவார். ஓராண்டு கழித்து மகன் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். காலில் இரண்டு விரல்கள் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடியேனாலும் அன்று ஒன்றும் பேச இயலவில்லை. சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாதிருந்த குற்றம் இன்றளவும் நெஞ்சில் நிற்கிறது.

நம் முன்னோர் இந்நோயை அறியாதவரல்லர். சரக ஸம்ஹிதை பிரமேகத்திற்குக் காரணம் கூறுமிடத்தில், உட்கார்ந்திருக்கும் சுகம், உறங்கும் சுகம், தயிர், புதுத் தானியம், வெல்லப் பண்டங்கள் ஆகியவற்றை அடுக்குகிறது. சுச்ருதர் இதனை இருவகையாக்கினார்: பிறவியோடு வருவது ஒன்று, ஒவ்வாத உணவால் வருவது மற்றொன்று. பொருளற்ற நோயாளிக்கு அவர் விதித்த சிகிச்சை, நூறு யோசனை தூரம் நடப்பதும் கிணறு வெட்டுவதுமாகும். உணவு வகையில் சியாமாகம், கோத்ரவம், கொள் முதலியவற்றைப் பழந்தானியமாகக் கொள்ளுமாறு வைத்திய நூல்கள் விதிக்கின்றன. கோத்ரவம் என்பது வேறன்று. நம் மானாவாரிப் புன்செய்களில் விளையும் வரகே அது. கும்பாபிஷேகத்தில் கோபுரக் கலசத்துள் நாம் இட்டு வைப்பதும் அவ்வரகே. கலசத்தில் ஏறிய வரகு நம் அடுக்களையிலிருந்து இறங்கிப்போனதை என்னென்பது! எனினும் ஓர் எச்சரிக்கை: வரகும் மாவுப்பொருளே. அளவின்றி உண்டால் அதுவும் தீங்கு செய்யும். மாத்திரைக்கு அது மாற்றாகாது.

இக்கால ஆராய்ச்சியும் இதனோடு மாறுபடவில்லை. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் எல்லையில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேரை நோய் பற்றியது. உணவிலும் நடையிலும் ஒழுங்கு கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேரையே பற்றியது. இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. முயற்சி வீணாவதில்லை என்பது ஒன்று. முயன்றவரையும் நோய் பற்றக்கூடும் என்பது மற்றொன்று. ஆகையால் நோயாளியைப் பார்த்து, "நாவடக்கமில்லாதவன்", "பாவம் செய்தவன்" என்று பழிப்பது அறமாகாது.

இனி, விதியைப் பற்றிய வினா. பசியும் கர்மத்தால் வந்த உடலுக்கு உரியதே. பசித்தால் விதியென்று இருந்துவிடுகிறோமா? இலைபோட்டு அமர்கிறோமன்றோ! பசிக்கு ஒரு நியாயம், பிணிக்கு வேறொரு நியாயம் என்று கொள்வது பொருந்தாது. மேலும், சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீ பாஷ்யகாரருடைய சித்தாந்தம். அங்ஙனமாயின் இவ்வுடல் நம்முடைய சொத்தன்று, அவனுடையது. பிறர் பொருளைக் காவல் கொண்டவன் அதனை அழியவிட்டு, "உடையவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்வது சரணாகதியாகாது. ஸ்வாமி வேதாந்த தேசிகன் ஆகார நியமம் என்றொரு பிரபந்தமே அருளினார். கீதையில் கண்ணன், மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்றான்.

திருக்கோயிலுக்கும் மருத்துவத்திற்கும் பகையில்லை. நம் அரியலூர்ச் சீமையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அரசாண்ட வீரராஜேந்திரன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில், திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் ஆதுலர் சாலை இயங்கியதைக் கல்வெட்டு உரைக்கிறது. 15 படுக்கைகள், வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், பணிப்பெண்கள், மருந்துகளின் பட்டியல் அனைத்தும் அதிலுண்டு. வேதம் பயின்ற மாணாக்கரும் அங்கு மருந்துண்டனர். நம் காலத்திலோ, 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியே மாத்திரை வீட்டு வாயிலுக்கே வந்தது. வந்ததை உட்கொள்ளாதிருத்தல் என்ன நியாயம்?

எஞ்சியது பிரசாதம். வனவாசத்தில் திரௌபதியின் அக்ஷயபாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு கீரையிலையை உண்டு கண்ணன் நிறைவுற்றான். துர்வாசருடைய பரிவாரமும் பசி நீங்கிற்று. ஓரிலையில் உலகை நிறைத்தவன், நாம் உண்ணும் கரண்டிக் கணக்கையா பார்ப்பான்? கண்ணில் ஒற்றி, நாவில் ஒரு பருக்கை இட்டாலும் ஸ்வீகாரம் நிறைவெய்தியதே. மிகுந்ததை அருகிலுள்ள குழந்தைக்குக் கொடுங்கள். தீர்த்தமும் திருத்துழாயும் எவருக்கும் தடையில்லை.

உபவாசம் இருக்க விரும்பும் நோயாளிகள் முன்னதாக மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெயிலில் வெறுங்காலோடு நடவாதீர்கள். இரவில் உள்ளங்காலைப் பார்த்த பின்னரே உறங்குங்கள். அடியேனைப் போன்ற அர்ச்சகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: "சற்றே போதும், சுவாமி" என்று ஒருவர் கை நீட்டினால், அவருடைய பக்தியை அளக்க வேண்டா, சற்றே கொடுங்கள்.

அந்த முதியவர் இன்றும் வருகிறார். அடியேன் துளசிதளத்தின்மேல் ஒரு பருக்கை வைத்துத் தருகிறேன். இருவரும் நிறைவோடு இருக்கிறோம். கலியுக வரதன் உங்கள் அனைவருக்கும் நோயற்ற வாழ்வும், நோயுற்றோர்க்கு மனவுறுதியும் அருள்வானாக!

சுபம்.