87-ஆ, 93-ஆ?
அமெரிக்க பெட்ரோல் பங்குகள் பலவற்றில் 87, 89, 93 என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். எண் கூடினால் வேகமும் கூடும் என்பது பலரது நினைப்பு. உண்மையில் அந்த எண்ணுக்குப் பெயர் ஆக்டேன் எண். இன்ஜினுக்குள் அழுத்தும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு, அவ்வளவுதான். 87 போதும் என்று வடிவமைத்த குடும்ப வேனில் 93 நிரப்புவது காசுக்குக் கேடு. கார்வெட் எனும் ஸ்போர்ட்ஸ் காரின் அழுத்தம் அதிகமுள்ள வி-8 இன்ஜின் கதை வேறு. அது உயர்ரகம்தான் கேட்கும்.

இப்படிப்பட்ட கார்கள் என்றாலே இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1964-ல் ஃபோர்டு தன் மஸ்டாங் காரைக் கொண்டுவந்தபோதும் குறிவைத்தது இளைஞர்களை. கார்வெட் ஓட்டுவோரிலோ இன்று நரைத்த தலைகள்தான் அதிகம். இதில் வியக்க என்ன இருக்கிறது? இருபதில் ஆசை இருக்கும், பணம் இருக்காது. நாற்பதில் பணம் வரும், பிள்ளைகளும் இருப்பார்கள். கார்வெட்டில் இரண்டே இருக்கைகள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்வரை பொறுக்க வேண்டியதுதான்!