முகம் தெரியாவிட்டால் ஆள் தெரியாதா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே நாள் தொடங்கிவிடும். ஃபிளாஷ் போடாமல், இருக்கிற வெளிச்சத்திலேயே படம் எடுக்கும் பழக்கமுள்ள எனக்கு அது பிடித்த இடம். அன்று தலையில் மீன்கூடையோடு ஒருவர், உயரக் கம்பத்து விளக்குக்கும் எனக்கும் நடுவே நடந்து வந்தார். தரையோடு தரையாக உட்கார்ந்து, விளக்கொளிக்குக் கணக்கு வைத்து எடுத்தேன். ஆள் முழுக்கக் கறுப்பு. கூடை, வளைந்த கழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை, அவ்வளவுதான்.

அவரிடம் கேட்கவில்லை. முகம்தான் தெரியவில்லையே, கேட்க என்ன இருக்கிறது? ‘உழைப்பு’ என்று தலைப்பு வைத்து இணையத்தில் போட்டேன். நிறையப் பேர் பாராட்டினார்கள்.

சில வாரம் கழித்து அதே இடத்தில் அவரே என்னைத் தேடி வந்தார்.

“நீதான சார் அந்தப் படம் எடுத்தது? எம்பொண்ணு வாட்ஸ்அப்ல பார்த்துச்சு. நடைய வெச்சே கண்டுபுடிச்சிருச்சு.”

முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர். பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்துகொண்டிருந்தார். “ரெண்டு நாளா அது எங்கிட்ட பேசல சார்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மகளுக்கு உண்மை தெரிந்தது நல்லதுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கலாம். ஆனால் அதை எப்போது, எப்படிச் சொல்வது என்பது அந்த மனிதர் முடிவு செய்ய வேண்டியது. எனக்கு அதில் என்ன வேலை?

நிழலுரு ஆளை மறைக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அதன் வரலாறோ நேர் எதிரானது. காதலன் பிரிந்து போகப்போகிறான் என்றதும், விளக்கொளியில் சுவரில் விழுந்த அவன் முகத்தின் நிழலைச் சுற்றிக் கோடு வரைந்து வைத்துக்கொண்ட ஒரு குயவர் மகளின் கதையை, ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். 1759-இல் பிரான்சின் நிதி அமைச்சராக இருந்த சிக்கனக்காரர் எத்தியென் த சில்ஹவுட். அவர் பெயர் மலிவான கறுப்புக் காகித உருவப்படங்களுக்கு ஒட்டிக்கொண்டது. ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களும் தங்கள் வீட்டு மனிதரின் சாயலை வைத்துக்கொள்ள அந்தப் படங்கள் உதவின. இரண்டிலும் கோட்டுருவத்தின் வேலை ஆளை அடையாளம் காட்டுவதுதான்.

அப்படியென்றால் என் படம் அவரை யாரிடமிருந்து மறைத்தது? அவரைத் தெரியாதவர்களிடமிருந்து மட்டும். அவர்களுக்கு அவர் யாரோ ஒரு ‘உழைப்பாளி’. தெரிந்தவர்களுக்கோ முதல் பார்வையிலேயே அப்பா.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் கறுப்பு தானாக வந்ததல்ல. ஐஎஸ்ஓவை 1600-இல் வைத்திருந்தேன். 12800-க்கு ஏற்றியிருந்தால் எட்டு மடங்கு வெளிச்சமாகியிருக்கும். பின்னால் விளக்கு வெளிறிப்போய், படம் பொரிப்பொரியாக இருந்தாலும், அவர் முகம் ஓரளவு வந்திருக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தது நான். முகத்தை எடுத்துவிட்டு, முகம் இல்லையே, அதனால் கேட்க வேண்டியதில்லை என்று நானே சொல்லிக்கொண்டது என்ன நியாயம்?

ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்டால் தெருவில் படமே எடுக்க முடியாது என்பார்கள். உண்மைதான். கேட்டதும் அந்த நடை மாறிவிடும். ஆனால் எடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் நடுவே நேரம் இருக்கிறது. எடுத்த பிறகு ஓடிப்போய்க் கேமரா திரையைக் காட்டி, “அண்ணே, இத போடலாமா?” என்று கேட்க அரை நிமிடம் போதும். வேண்டாம் என்றால் ஒரு நல்ல படம் போகும். போகட்டும்.

படத்தை எடுத்துவிட்டேன், ஏற்கெனவே பரவியதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு எடேன் சார், பொண்ணுகிட்ட குடுக்கறேன்” என்றார்.

விளக்கு அவர் முகத்தில் விழும்படி, நான் அந்தப் பக்கமாகப் போய் நின்றேன்.